18 சதவீதம் என்றால் ஈரமா, வறட்சியா?

தூத்துக்குடி மாவட்டம் ஒன்றுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு மண் இருக்கிறது. வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் கரிசல். மழை பெய்தால் காலைக் கவ்விப் பிடிக்கும்; கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். தெற்கே சாத்தான்குளம், உடன்குடி, குதிரைமொழி பக்கம் தேரி. காற்றுக்கு நகரும் சிவந்த மணல். இரண்டு இடத்திலும் ஒரே வகை ஈர உணர்கருவியைப் புதைத்திருக்கிறார்கள், கைப்பேசித் திரையில் இரண்டுமே 18 சதவீதம் என்று காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். தேரியில் 18 என்றால் சற்றுமுன்தான் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அதிலும் பாதிக்கு நெருக்கமான நீர் வேருக்கு எட்டாமல் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. கரிசலில் 18 என்றால் பயிர் வாடித் தலை தொங்கிவிட்டது.

கருவி இரண்டு இடத்திலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அது மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று சொன்னது. அந்த நீரில் எவ்வளவு செடிக்குக் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. அதற்கான விடை கருவிக்குள் இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது. இன்று சொட்டுநீர்க் குழாயோடும் சூரியப் பலகையோடும் சேர்த்து ஈர உணர்கருவிகள் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருக்கும்போது, இந்த வேறுபாட்டை உழவர் கையில் கொடுக்காமல் கருவியை மட்டும் கொடுப்பது பெரிய வீண்செலவு என்பது என் எண்ணம். எண் எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

எல்லாக் கருவிக்கும் மேலே தீர்ப்புச் சொல்வது ஓர் அடுப்பும் ஒரு தராசும்தான். வயலிலிருந்து மண்ணை எடுத்து, காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து வந்து எடைபோடுவார்கள். பிறகு 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடைபோடுவார்கள். 120 கிராம் மண் 100 கிராமாகக் குறைந்தால், ஈரம் எடை அளவில் 20 சதவீதம். ஆனால் பாசனத்துக்கு எடைக் கணக்கு போதாது. ஒரு லிட்டர் மண்ணின் உலர் எடை எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். அது 1.4 கிலோ என்றால், 20 சதவீத எடை ஈரம் 28 சதவீதக் கன அளவு ஈரமாகிறது. இதில் ஒரு வசதி உண்டு. கன அளவு ஈரத்தை ஆழத்தால் பெருக்கினால் மழையை அளக்கும் அதே மில்லிமீட்டரில் விடை வந்துவிடும். 30 செ.மீ. ஆழத்துக்கு 28 சதவீதம் என்றால் 84 மி.மீ. நீர். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. என்பது 4,047 லிட்டர். ஆக அந்த ஏக்கரின் மேல் ஒரு அடி மண்ணுக்குள் சுமார் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர் நீர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது.

அடுப்பு முறையில் பிழை மிகக் குறைவு. ஆனால் ஒரு நாள் தாமதம். எடுத்த இடத்து மண்ணும் போய்விடும், நாளைக்கு அதே இடத்தை அளக்க முடியாது. தோட்டத்துக்காரருக்கு வேண்டியது இன்று மாலை மோட்டார் போடலாமா என்ற பதில். அங்கேதான் மின்சாரம் உதவிக்கு வருகிறது.

முதலில் தோன்றிய யோசனை மிக எளியது. ஈரமான மண்ணில் மின்சாரம் எளிதாக ஓடும், உலர்ந்த மண்ணில் ஓடாது. இரண்டு கம்பிகளைக் குத்தி மின்தடையை அளந்தால் ஈரம் தெரிந்துவிடும். ஆனால் சுத்தமான நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்துவதில்லை. கடத்துவது அதில் கரைந்திருக்கும் உப்பு. ஒரு மூட்டை பொட்டாஷ் போட்ட மறுநாள் தடை குறைந்துவிடும். உவர்ப்புக் கிணற்று நீர் பாய்ச்சினாலும் அப்படியே. மண் காய்ந்துகொண்டிருக்கும்போதே கருவி "ஈரம் ஏறுகிறது" என்று சொல்லும். பள்ளி மாணவர்கள் அறிவியல் கண்காட்சிக்கு வாங்கும் இரட்டைப் பல் உணர்கருவி இந்த வகையைச் சேர்ந்தது. அதில் இன்னொரு கோளாறும் உண்டு. நேர்மின்னோட்டம் தொடர்ந்து ஓடுவதால் மின்னாற்பகுப்பு நடந்து ஒரு பல் சில வாரங்களிலேயே அரித்துப்போகும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் சற்றுக் கூடுதல் காலம் தாங்கும். பாடம் கற்க அது போதும். பயிரை நம்பி ஒப்படைக்கப் போதாது.

இந்த உப்புச் சிக்கலுக்கு 1940-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜார்ஜ் பூயூகோஸ், மிக் என்ற இரு ஆய்வாளர்கள் கண்ட தீர்வு அழகானது. மின்முனைகளை மண்ணில் நேரடியாக வைக்காமல் ஒரு ஜிப்சக் கட்டிக்குள் பதித்தார்கள். ஜிப்சம் சிறிதளவு நீரில் கரையும். ஆகவே கட்டிக்குள் இருக்கும் நீரில் எப்போதும் கால்சியம் சல்பேட் நிறைந்தே இருக்கும். வெளியே மண்ணில் உப்புச் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் உள்ளே பெரிய மாற்றம் தெரியாது. மண் காய்ந்தால் கட்டியிலிருந்து நீரை இழுக்கும், நனைந்தால் திருப்பிக் கொடுக்கும். மின்தடை அதைக் காட்டும். கரைகிற பொருள் என்பதால் கட்டி சில ஆண்டுகளில் உருக்குலைந்துவிடும் என்பதுதான் குறை. மணித்துகள் நிரப்பிய உறைக்குள் ஜிப்சத்தை வைத்த இன்றைய வடிவங்கள் அதன் வாரிசுகள்.

ஆனால் நீரின் அளவை நேராகப் பிடிக்க வேறொரு பண்பு தேவைப்பட்டது. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர்மின் தன்மையும் மறுபக்கம் எதிர்மின் தன்மையும் கொண்டது. மின்புலம் ஒன்றை வைத்தால் அத்தனை மூலக்கூறுகளும் அதன் திசைக்குத் திரும்பி நிற்கப் பார்க்கும். அப்படித் திரும்பும்போது மின்புலத்தின் ஆற்றலைச் சேமித்துவைக்கும். இந்தத் திறனை இயற்பியலில் ஒப்புமை விடுதிறன் என்கிறோம். வெற்றிடத்துக்கு இது 1. காற்றுக்கும் ஏறத்தாழ 1. மண்ணின் கனிமத் துகள்களுக்கு 3 முதல் 5 வரை. நீருக்கு, 20 டிகிரி வெப்பத்தில், 80. மண்ணில் உள்ள மூன்று பொருள்களில் ஒன்று மட்டும் இப்படித் தனித்து உயர்ந்து நிற்பது நமக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. மண்ணின் மொத்த விடுதிறனை அளந்தால், அதில் பெரும்பங்கு நீரின் குரலாகவே இருக்கும்.

இதைக் களத்துக்குக் கொண்டுவந்தவர்கள் கனடாக்காரர்கள். மண் இயற்பியலாளர் கிளார்க் டாப், புவி இயற்பியலாளர்கள் டேவிஸ், அன்னான் மூவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையின் அடித்தளம். அவர்கள் கையாண்ட நுட்பம் வேளாண்மைக்காகப் பிறந்ததன்று. நீண்ட கேபிளில் எந்த இடத்தில் பழுது என்று கண்டுபிடிக்கத் தொலைத்தொடர்புத் துறையினர் ஒரு முனையில் மின் துடிப்பை அனுப்பி, அது திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். கிணற்றுக்குள் குரல் கொடுத்து, எதிரொலி வரும் நேரத்தை வைத்து நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்று கணிப்பதைப் போன்றது இது. டாப் குழுவினர் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். நீளம் தெரிந்த கம்பிகளை மண்ணுக்குள் வைத்தால், நேரத்திலிருந்து வேகம் கிடைக்கும். மின்காந்த அலை விடுதிறன் கூடிய பொருளில் மெதுவாகப் போகும். ஆக, தாமதம் கூடினால் நீர் கூடுதல்.

எவ்வளவு தாமதம்? 20 செ.மீ. கம்பியை உலர்ந்த மண்ணில் குத்தினால் துடிப்பு போய்த் திரும்ப சுமார் 2.7 நானோ நொடி. நன்றாக நனைந்த மண்ணில் 6.7 நானோ நொடி. ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோ நொடி. நம் வயலின் வறட்சிக்கும் செழிப்புக்கும் இடையே அப்படி நான்கே நான்கு பங்கு வித்தியாசம். இந்த நுண்ணளவைப் பிடிக்கத் துல்லியமான மின்னணுச் சுற்று வேண்டும்; விலை உயர்வுக்குக் காரணம் அதுதான். டாப் குழு கொடுத்த சூத்திரத்தில் விடுதிறன் 4 என்று போட்டால் ஈரம் சுமார் 5.5 சதவீதம் என்றும், 25 என்று போட்டால் 40 சதவீதம் என்றும் வரும். அவர்களை வியக்க வைத்தது, மணல் கலந்த மண்ணோ களிமண்ணோ, ஏறத்தாழ ஒரே வளைகோட்டில் விழுந்ததுதான். இன்று விற்கும் பல கருவிகளின் சிப்புக்குள் அந்தச் சூத்திரமோ அதன் மாற்று வடிவமோ இருக்கிறது.

நம் தோட்டங்களுக்கு வருகிற கருவிகளில் பெரும்பாலானவை இந்த எதிரொலி வகை இல்லை, மின்தேக்கி வகை. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் மண்ணே மின்காப்புப் பொருளாக அமையும்படி ஒரு மின்தேக்கியை உண்டாக்கி, அதன் மின்தேக்குத்திறனை ஓர் அலையியற்றிச் சுற்றின் வழியே அளக்கிறார்கள். உலோகத்தின் மேல் பூச்சு இருப்பதால் அரிப்பு இல்லை. விலையும் குறைவு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மின்சுற்றுப் பலகைத் துண்டும், பல ஆயிரம் ரூபாய்க் கருவியும் இதே தத்துவம்தான். இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அதிர்வெண். நல்ல கருவிகள் 70 மெகாஹெர்ட்ஸிலோ அதற்கும் மேலோ இயங்கும். அந்த வேகத்தில் மின்புலம் திசை மாறும்போது உப்பு அயனிகளால் அதைத் தொடர்ந்து ஓட முடியாது. நீர் மூலக்கூறுகள் மட்டும் ஈடுகொடுத்துத் திரும்பும். அதிர்வெண் சில மெகாஹெர்ட்ஸாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கினால் உப்பின் குறுக்கீடு மறுபடி தலைதூக்கும். கடலோரத்தின் உவர் நிலத்திலும், ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறிப்போன ஊர்களிலும் மலிவுக் கருவி காட்டும் ஈரத்தில் ஒரு பகுதி உப்புதான். போதாக்குறைக்கு அந்தப் பலகைத் துண்டின் வெட்டு ஓரம் மூடப்படாமல் இருக்கும். அந்த வழியே நீர் பலகைக்குள்ளேயே இறங்கி எண்ணைக் கெடுக்கும். புதைப்பதற்கு முன் ஓரங்களில் எபாக்ஸிப் பசையோ வார்னிஷோ தடவி உலர்த்துவது அவசியம்.

களிமண்ணுக்கு வேறொரு சிக்கல். களித்துகள் மிக நுண்ணியது. ஒரு பிடி கரிசலுக்குள் இருக்கும் துகள்களின் மொத்தப் பரப்பு மலைக்க வைக்கும் அளவு பெரியது. அந்தப் பரப்பை ஒட்டி நிற்கும் சில மூலக்கூறு அடுக்கு நீர் இறுகப் பிடிபட்டிருக்கும். மின்புலம் அழைத்தாலும் சுதந்திரமாகத் திரும்பாது. அதனால் அந்த நீரின் விடுதிறன் 80-க்கு வெகு கீழே. உயர் அதிர்வெண்ணில் இயங்கும் கருவி அதைக் குறைத்து எண்ணிவிடும். அடுத்து வெப்பம். நீரின் விடுதிறன் 20 டிகிரியில் 80 என்றால் 40 டிகிரியில் 73. சித்திரை மதியத்தில் மேல்மண் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். அதே நேரம் உப்புநீரின் கடத்துதிறன் வெப்பத்தோடு கூடும். ஒன்று எண்ணைக் கீழே தள்ளும், மற்றொன்று மேலே தள்ளும். எது வெல்லும் என்பது மண்ணையும் கருவியையும் பொறுத்தது. இத்தனைக்கும் மருந்து ஒன்றுதான். அந்த வயலின் மண்ணை எடுத்து, பல ஈர நிலைகளில் கருவியால் ஒருமுறையும் அடுப்பால் ஒருமுறையும் அளந்து, இரண்டையும் பொருத்திக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் செய்து 18 என்ற எண் துல்லியமாகவே வந்துவிட்டது என்று கொள்வோம். தொடக்கத்தில் பார்த்த கேள்வி அப்படியே இருக்கிறது. செடி மண்ணிடம் சதவீதம் கேட்பதில்லை. நீரை உறிஞ்ச எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வேருக்குத் தெரியும். மணலில் துளைகள் பெரியவை. நீர் தளர்வாக நிற்கும், எளிதாக வரும், எளிதாக ஒழுகியும் போகும். களியில் துளைகள் நுண்ணியவை. நீர் நிறைய நிற்கும், ஆனால் இறுகப் பிடிபட்டு நிற்கும். மழைநீர் வடிந்தபின் மண் தன் பிடியில் வைத்துக்கொள்ளும் அளவு வயல் கொள்திறன். பல பயிர்களுக்கு இழுவிசை சுமார் 15 வளிமண்டல அழுத்தத்தை எட்டும்போது வேர் தோற்றுப்போகிறது. இரவில் வெப்பம் தணிந்தாலும் செடி நிமிராது. அது நிரந்தர வாடல் நிலை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நீர்தான் பயிரின் சொத்து. தேரி மணலில் மேல் எல்லை ஏறத்தாழ 10, கீழ் எல்லை 4. கரிசலில் மேல் எல்லை 40-ஐ ஒட்டி, கீழ் எல்லை 22-ஐ ஒட்டி. அதனால்தான் 18 ஒரு மண்ணில் மிகையாகவும் மற்றொன்றில் பட்டினியாகவும் இருக்கிறது.

இதைப் பாசனக் கணக்காக்கினால் வேறுபாடு இன்னும் தெளியும். 30 செ.மீ. வேர்மண்டலத்தில் தேரி கொடுப்பது 18 மி.மீ. நீர், கரிசல் கொடுப்பது 54 மி.மீ. பாதி தீர்ந்ததும் மறுபடி பாய்ச்சலாம் என்பது பொதுவான நடைமுறை. கோடையில் பயிர் நாளொன்றுக்கு 5, 6 மி.மீ. குடிக்கும். தேரிக்காரர் இரண்டாம் நாளுக்குள் 9 மி.மீ., அதாவது ஏக்கருக்கு முப்பத்தாறாயிரம் லிட்டர் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் கொடுத்தால் வேரைத் தாண்டி ஓடிவிடும். கரிசல்காரர் ஐந்து நாள் பொறுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் வைத்திருக்கும் தானியங்கி அமைப்பின் எண்களை அப்படியே தன் தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.

இழுவிசையை நேரடியாக அளக்கவும் கருவி உண்டு. டென்சியோமீட்டர் என்பது அடியில் நுண்துளைப் பீங்கான் குப்பி, மேலே வெற்றிடமானி, நடுவில் நீர் நிரம்பிய குழாய். காய்ந்த மண் குப்பி வழியே நீரை இழுக்கும்; உள்ளே வெற்றிடம் கூடும்; முள் நகரும். மின்சாரமே வேண்டாம். அழுத்த அலகான சென்டிபாரில் மணலில் 15, 20 என்று காட்டும்போதும், களிப்பாங்கான மண்ணில் 50, 60 என்று காட்டும்போதும் பாய்ச்சலாம். உப்பு அதை ஏமாற்றாது, மண் வகைக்கு ஏற்ற தனிச் சூத்திரமும் வேண்டாம். ஆனால் 80 சென்டிபாரைத் தாண்டினால் குழாய்க்குள் காற்றுக் குமிழ் புகுந்து வேலை நின்றுவிடும்; மறுபடி நீர் நிரப்ப வேண்டும். கரிசலில் பயிருக்குக் கிடைக்கும் நீரில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு அப்பால்தான் இருக்கிறது. அங்கே ஜிப்சக் கட்டியின் வாரிசுகள் 200 சென்டிபார் வரை போகும்.

கோவையில் இருக்கும் மத்திய அரசின் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி இந்த இடத்தில் குறிப்பிடத் தக்கது. இரண்டு நீண்ட கம்பிகள், மேலே கையடக்கப் பெட்டி. மண்ணில் குத்தினால் நான்கு விளக்குகளில் ஒன்று எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம்; பச்சை என்றால் போதுமான ஈரம், உடனே பாய்ச்ச வேண்டாம்; ஆரஞ்சு என்றால் பாய்ச்சுவது நல்லது; சிவப்பு என்றால் தாமதம் கூடாது. சதவீதம் எதுவும் காட்டாது. இதை அறிவியலாளர்கள் எளிமைப்படுத்திவிட்டார்கள் என்று சிலர் குறைவாக எண்ணலாம். எனக்கு அது மிகப் பொறுப்பான முடிவாகப் படுகிறது. இல்லாத துல்லியத்தை எண்ணாகக் காட்டி நம்பவைப்பதைவிட, எடுக்க வேண்டிய முடிவை நிறமாகக் காட்டுவது உழவருக்கு உதவும்.

கருவி எதுவானாலும், அதைப் புதைக்கும் கையில்தான் பாதி வெற்றி. மின்புலம் கம்பிகளை ஒட்டிய சில சென்டிமீட்டர் மண்ணிலேயே செறிந்திருக்கும். அங்கே ஒரு நூல் அளவு காற்று இடைவெளி விழுந்தாலும் எண் சரிந்துவிடும், ஏனெனில் காற்றின் விடுதிறன் 1. குழி வெட்டி, வெட்டுப்படாத பக்கச் சுவரில் கிடைமட்டமாகக் கம்பிகளைச் செருகி, எடுத்த மண்ணை எடுத்த வரிசையிலேயே நிரப்பி மிதிக்க வேண்டும். செங்குத்தாகத் துளை போட்டால், அதே மண்ணைச் சேறாகக் குழைத்து ஊற்றிக் கருவியை இறக்க வேண்டும். முதல் இரண்டு, மூன்று பாசனம் வரை காட்டும் எண்ணைக் கணக்கில் எடுக்கக் கூடாது. மண் படிய வேண்டும். கரிசலில் இத்தனை செய்தும் கோடையில் வெடிப்பு கருவியை ஒட்டியே ஓடிவிடும். அப்போது கருவி அளப்பது மண்ணை அல்ல, வெடிப்பில் இருக்கும் காற்றை. மழை பெய்தால் வெடிப்பு வழியே நீர் நேராக இறங்கி, சுற்றிலும் மண் காய்ந்திருக்கும்போதே எண் உச்சிக்குப் போகும். திடீரென்று விழும், திடீரென்று ஏறும் எண்ணைக் கண்டால் குழியைத் திறந்து பார்ப்பதுதான் முறை.

இடத் தேர்வு அடுத்தது. ஓர் ஏக்கரின் மேல் 30 செ.மீ. மண்ணின் கன அளவு பன்னிரண்டு லட்சம் லிட்டர். ஒரு கருவி உணர்வது ஏறத்தாழ ஒரு லிட்டரை. பன்னிரண்டு லட்சத்தில் ஒன்றை வைத்து மற்றதற்கெல்லாம் முடிவெடுக்கிறோம் என்றால், அந்த ஒரு லிட்டர் எங்கே இருக்கிறது என்பதில் அக்கறை வேண்டாமா? வரப்போரம், மர நிழல், வாய்க்கால் தலைமாடு, மேடு, பள்ளம் இவையெல்லாம் கூடாது. நடுத்தரமாக வளர்ந்த செடிக்கு அருகில், சொட்டுவானுக்கு நேர் கீழே வைக்காமல் சற்றுத் தள்ளி, உறிஞ்சும் வேர்கள் மிகுந்த ஆழத்தில் வைக்க வேண்டும். வாய்ப்பிருந்தால் ஒரே இடத்தில் இரண்டு ஆழத்தில் வைப்பது, ஒரே ஆழத்தில் இரண்டு இடத்தில் வைப்பதைவிடப் பயன் தரும். மேலே உள்ளது எப்போது மோட்டாரைப் போடுவது என்று சொல்லும். வேர்மண்டலத்துக்குக் கீழே உள்ளது எப்போது நிறுத்துவது என்று சொல்லும். ஒவ்வொரு பாசனத்துக்கும் பிறகு கீழ்க் கருவியின் எண் ஏறினால், நீர் மட்டுமல்ல, காசு கொடுத்துப் போட்ட தழைச்சத்தும் அதோடு சேர்ந்து நிலத்தடிக்குப் போகிறது என்று பொருள்.

மின்கம்பி இல்லாமல் அளக்கும் வழிகளும் உண்டு. ஹைட்ரஜன் அணுவில் மோதும் வேக நியூட்ரான் வேகம் இழக்கும் என்பதை வைத்து 1950-களில் நியூட்ரான் அளவி வந்தது. துல்லியமானது, ஆனால் கதிரியக்க மூலம் உள்ளே இருப்பதால் உரிமம் பெற்ற ஆய்வாளர்கள் கையில்தான் இருக்க முடியும். அண்டக் கதிர்கள் இயற்கையாகவே உண்டாக்கும் நியூட்ரான்களை எண்ணி, சில நூறு மீட்டர் சுற்றுவட்டத்தின் சராசரி ஈரத்தைச் சொல்லும் முறையை 2008-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் மாரெக் ஸ்ரேடா குழுவினர் கொண்டுவந்தார்கள். விண்ணிலிருந்து ஐரோப்பாவின் ஸ்மாஸ் செயற்கைக்கோள் 2009 முதலும், நாசாவின் ஸ்மாப் 2015 முதலும் மண்ணின் நுண்ணலை உமிழ்வைக் கேட்கின்றன. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள், ரேடார் கொண்டு பார்க்கிறது. அங்கேயும் அடிப்படை அதே விடுதிறன்தான். ஆனால் செயற்கைக்கோள் காண்பது மேல் 5 செ.மீ. அளவை, வாழை வேரும் மஞ்சள் கிழங்கும் இருக்கும் ஆழத்துக்கு அதன் பார்வை எட்டாது. அதன் எண் சரியா என்று சோதிக்கவும் வயலில் புதைத்த கருவிதான் வேண்டும்.

நெல்லுக்கு இந்த மின்னணுக் கருவி எதுவும் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீர் நிற்கும் வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, உள்ளே மண்ணை எடுத்துவிட்டு, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்கியதும் மறுபடி பாய்ச்சலாம் என்பது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் வேளாண் அலுவலர்கள் சொல்வது இதைத்தான். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. நீர் மிச்சமாவதோடு வயலிலிருந்து எழும் மீத்தேனும் குறைகிறது. ஒரு குழாய்த் துண்டு செய்யும் வேலைக்குச் சிப்பைத் தேடுவது தேவையற்றது.

தோட்டப் பயிருக்கு வருவோம். கருவியின் எண்ணை அடுப்போடு பொருத்திப் பார்க்க வசதி இல்லாத உழவருக்கும் ஒரு வழி இருக்கிறது. எண்ணை விட்டுவிட்டு வளைகோட்டைப் படிப்பது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவாகும் ஈரத்தை வரைபடமாகப் பார்த்தால் மண்ணின் குணம் தானாக வெளிப்படும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை ஒன்று பெய்து மண் நிறைந்ததும் கோடு உச்சியில் நிற்கும். பிறகு மளமளவென்று சரியும். அது வடிகால். மணலில் ஒரு நாளுக்குள், களியில் இரண்டு மூன்று நாளில் அந்தச் சரிவு தணிந்து கோடு படுத்துக்கொள்ளும். அந்த எண்தான் அந்த மண்ணின் வயல் கொள்திறன். அது உண்மையில் 38-ஆ 33-ஆ என்பது முக்கியமில்லை. அந்தக் கருவியின் மொழியில் "நிறைந்தது" என்பதற்கு அதுதான் சொல். அதற்கு மேல் எண் ஏறும்படி பாய்ச்சுவது வீண்.

அதற்குப் பிறகு கோடு படிக்கட்டு போல இறங்கத் தொடங்கும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வேர் உறிஞ்ச ஆரம்பிக்கும்போது சரிவு. மாலை மங்கியதும் சமதளம். மறுநாள் மறுபடி சரிவு. பகலில் சற்று ஏறி இரவில் இறங்கும் அலை போன்ற வடிவம் தெரிந்தால் அது கருவியின் மேல் வெப்பம் செய்யும் வேலை. வேரின் வேலை பெரும்பாலும் ஒரே திசையில், கீழ்நோக்கிப் போகும். வெயில் அதே வெயிலாக இருக்க, படியின் உயரம் நாளுக்கு நாள் குறைந்தால் வேர் திணறுகிறது என்று பொருள். இலை சுருளும் முன்பே இது தெரிந்துவிடும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதற்குச் சற்று மேலேயே மோட்டாரைப் போட வேண்டும். மேல் கோடு ஒன்று, கீழ் கோடு ஒன்று. இரண்டும் அந்தத் தோட்டம், அந்தப் பயிர், அந்தக் கருவி மூன்றுக்கும் மட்டும் உரியவை. பயிர் மாறினாலோ கருவியை இடம் மாற்றினாலோ மறுபடி கண்டுபிடிக்க வேண்டும்.

உழவர் இந்தக் கோடுகளைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு தடை இருக்கிறது. மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட சில மணி நேரமே வரும் ஊர்களில், வரும்போதே மோட்டாரைப் போட்டுவிடுவதுதான் வழக்கம். நாளைக்கு வருமா என்று தெரியாதவருக்கு, "இன்று வேண்டாம், நாளை மறுநாள் பாய்ச்சினால் போதும்" என்று கருவி சொல்லும் அறிவுரை எப்படிப் பயன்படும்? வேளாண் மின்சாரம் இலவசமாக இருப்பதால் மிச்சப்படுத்திய நீருக்கு அவர் கையில் உடனே ஒன்றும் வந்து சேர்வதுமில்லை. இறங்கிக்கொண்டே போகும் ஆழ்துளைக் கிணற்றின் மட்டம்தான் அவருடைய கணக்கு. ஆகவே கருவிக்கு மானியம் தருவதோடு திட்டம் முடிந்துவிடக் கூடாது. மின்சாரம் வரும் நேரம் முன்கூட்டியே உறுதியாகத் தெரிய வேண்டும். மண் பரிசோதனை நிலையத்துக்கு உழவர் கொண்டுபோகும் மாதிரியில் தழை, மணி, சாம்பல் சத்துகளோடு அந்த மண்ணின் கொள்திறனும் வாடல் நிலையும் அளந்து அட்டையில் எழுதித்தர வேண்டும். அந்த இரண்டு எண்களும் ஒரு மண்ணுக்கு எளிதில் மாறுவதில்லை; ஒருமுறை அளந்தால் பல ஆண்டுக்குப் போதும்.